பட்டியலிலிருந்து வரைபடம்: புவியியல் கோப்புகளை இணையத்தில் ஏற்றிப் பகிர்வது எப்படி?

உங்களிடம் நூற்றைம்பது மரங்களின் பட்டியல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு மரத்துக்கும் வகை, அடிமரச் சுற்றளவு, பார்த்த தேதி, நிற்கும் இடம். இதை எக்செல் தாளாகவே அனுப்பினால் வாங்கியவர் நாலு வரி படித்துவிட்டு மூடிவிடுவார். அதையே தொட்டால் விவரம் விரிகிற புள்ளிகளாக ஒரு வரைபடத்தில் போட்டுக் கொடுங்கள். முதலில் தன் தெருவைத் தேடுவார், பிறகு பக்கத்துத் தெரு, அப்புறம் தான் படித்த பள்ளி. அரை மணி நேரம் அதிலேயே இருப்பார். இடத்தோடு சேர்ந்த தகவல் அதன் இடத்தில் வைத்துக் காட்டினால்தான் பேசும்.

இப்படி ஒரு வரைபடம் செய்ய நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை, காசும் செலவழிக்க வேண்டாம். வரைபடத்தை உருவாக்கும் வேலை பத்து நிமிடம்தான். புதியவர்கள் தடுக்கி விழுவது அதற்கு முன்பு, கோப்பில். அதனால் இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் கோப்பைப் பற்றியே பேசப்போகிறேன். அவசரப்பட்டு அந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள்.

உங்கள் கையில் இருப்பது எந்த வகைக் கோப்பு?

பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின் வரும் எழுத்துகளைப் பாருங்கள். பெரும்பாலும் இந்த ஐந்தில் ஒன்றாக இருக்கும்.

சிஎஸ்வி என்பது சாதாரண அட்டவணை. ஒரு வரிக்கு ஓர் இடம். புள்ளிகள் மட்டும் இருந்தால் இதுவே போதும்.

ஜியோஜேசன் இணைய வரைபடங்களின் பொதுமொழி. புள்ளி, கோடு, பலகோணம் மூன்றையும், ஒவ்வொன்றுக்கும் உரிய விவரங்களையும் ஒரே உரைக்கோப்பில் வைக்கும். 2008இல் வந்தது, 2016இல் முறையான இணையத் தரமானது. நோட்பேடில் திறந்தாலே படிக்க முடியும் என்பது இதன் பெரிய பலம்.

கேஎம்எல், கூகுள் எர்த் வழியாகப் பரவியது. கேஎம்இசட் என்று இருந்தால் அதுவே ஜிப் செய்யப்பட்ட வடிவம்.

ஜிபிஎக்ஸ், நடந்த பாதையையோ ஓட்டிய பாதையையோ ஜிபிஎஸ் கருவியும் கைபேசிச் செயலியும் பதிவு செய்து தருவது.

ஷேப்ஃபைல் 1990களில் எஸ்ரி என்ற வரைபட மென்பொருள் நிறுவனம் உருவாக்கியது. அரசுத் துறைகளின் தரவு இன்றும் பெரும்பாலும் இந்த வடிவில்தான் கிடைக்கிறது. பெயர் ஒருமையில் இருந்தாலும் இது ஒரே கோப்பு அல்ல. எஸ்எச்பி, எஸ்எச்எக்ஸ், டிபிஎஃப் என்ற மூன்றும் ஒரே பெயரில் ஒன்றாக இருந்தாக வேண்டும். பிஆர்ஜே என்ற நான்காவது கோப்பும் கூட இருந்தால்தான் எண்கள் எந்த அளவு முறையில் எழுதப்பட்டவை என்று தெரியும். எஸ்எச்பி கோப்பை மட்டும் தனியாக மின்னஞ்சலில் அனுப்பி, மறுமுனையில் ஒன்றும் திறக்காமல் தவிப்பது அன்றாடம் நடக்கிறது. எப்போதும் எல்லாவற்றையும் சேர்த்து ஜிப் செய்து அனுப்புங்கள்.

தமிழில் வேலை செய்பவர்கள் ஷேப்ஃபைலில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இதில் நெடுவரிசைத் தலைப்புக்குப் பத்து பைட்டுகள்தான் இடம். யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்க முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட்டு ஆகும். கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனியாகக் கணக்கில் சேரும். ‘மரவகை’ என்று வைத்த தலைப்பு ‘மரவ’ என்று வெட்டுப்பட்டு நிற்கும். ஆகவே தலைப்புகளை ஆங்கில எழுத்தில் சுருக்கமாக வையுங்கள், உள்ளே எழுதும் மதிப்புகள் தாராளமாகத் தமிழிலேயே இருக்கட்டும். இந்தப் பழக்கம் மற்ற வடிவங்களிலும் உதவும்.

அந்த இரண்டு எண்கள்

வரைபட வேலையின் உயிர்நாடி இதுதான். ஓர் இடத்தைக் குறிக்க இரண்டு எண்கள். பூமத்தியரேகையிலிருந்து வடக்கேயோ தெற்கேயோ எவ்வளவு என்று சொல்வது அட்சரேகை, கிரீனிச்சிலிருந்து கிழக்கேயோ மேற்கேயோ எவ்வளவு என்று சொல்வது தீர்க்கரேகை. அட்சரேகை 90ஐத் தாண்டாது, தீர்க்கரேகை 180ஐத் தாண்டாது. தெற்கும் மேற்கும் கழித்தல் குறியோடு வரும்.

முதல் குழப்பம் வரிசையில் வருகிறது. நாம் பேச்சில் அட்சரேகையை முதலில் சொல்வோம். ஜியோஜேசன் தீர்க்கரேகையை முதலில் எழுதும். காரணம் எளிது: பள்ளிக் கணக்கில் எக்ஸ் முதலில், ஒய் பிறகு, கிழக்கு மேற்குதான் எக்ஸ். இந்த இரண்டும் இடம் மாறினால் என்ன ஆகும்? பாரிஸின் அட்சரேகை ஏறத்தாழ 48.85, தீர்க்கரேகை 2.35. மாற்றிப் போட்டால் அதே நகரம் சோமாலியாவுக்குக் கிழக்கே இந்தியப் பெருங்கடலில் மிதக்கும். உங்கள் புள்ளிகள் எல்லாம் எதிர்பாராத ஒரு கடலிலோ கண்டத்திலோ கூட்டமாக நின்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

ஒரே ஒரு புள்ளி மட்டும் ஆப்பிரிக்காவுக்கு மேற்கே, கினி வளைகுடாவில் நிற்கிறதா? அது சுழியமும் சுழியமும் சந்திக்கும் இடம். அந்த வரியில் எண்கள் காலியாக இருந்திருக்கும், மென்பொருள் அதைச் சுழியமாக எடுத்துக்கொண்டது.

இரண்டாவது குழப்பம் பாகை, கலை, விகலை (டிகிரி, நிமிடம், விநாடி). பழைய தாள்களிலும் சில ஜிபிஎஸ் கருவிகளிலும் 48 பாகை 51 கலை 24 விகலை என்று இருக்கும். இதை 48.5124 என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு. கலையை 60ஆலும் விகலையை 3600ஆலும் வகுத்துப் பாகையோடு கூட்ட வேண்டும். சரியான விடை 48.85667. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தரையில் சுமார் 38 கிலோமீட்டர். புள்ளி வேறு ஊரில் விழும், ஆனால் கடலில் விழாததால் எளிதில் கண்ணில் படாது. அதனால்தான் இந்தத் தவறு மோசமானது.

மூன்றாவது, எண்கள் தசமப் புள்ளிக்கு முன்பே ஆறு இலக்கம், ஏழு இலக்கம் என்று நீளமாக இருந்தால் அவை பாகையே அல்ல. மீட்டர். யூடிஎம் போன்ற ஒரு தட்டை வரைபட முறையில் அளக்கப்பட்டவை. அவற்றைப் பாகைக் கணக்கில் எழுதும் டபிள்யூஜிஎஸ் 84 முறைக்கு மாற்றியாக வேண்டும். மென்பொருள்கள் அதை ஈபிஎஸ்ஜி 4326 என்ற எண்ணால் அழைக்கும். மாற்றும் வழியைக் கீழே சொல்கிறேன்.

தசமப் புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம் வேண்டும்? ஐந்து இலக்கம் தரையில் ஏறத்தாழ ஒரு மீட்டர், ஆறு இலக்கம் பத்து சென்டிமீட்டர் அளவு. கைபேசி ஜிபிஎஸ் திறந்த வெளியிலேயே சுமார் ஐந்து மீட்டர் முன்பின்னாகத்தான் காட்டும். எனவே கைபேசியில் எடுத்த புள்ளிக்குப் பதினான்கு இலக்கம் வைத்திருப்பதில் பொருளில்லை.

அட்டவணையைத் துடைத்து வையுங்கள்

முதல் வரியில் தலைப்புகள் மட்டும் இருக்கட்டும். அதற்கு மேலே அறிக்கையின் பெயர், நிறுவன முத்திரை, இணைத்த கட்டங்கள் எதுவும் வேண்டாம். அட்சரேகைக்கு ‘லேட்’, தீர்க்கரேகைக்கு ‘லான்’ என்று ஆங்கில எழுத்தில் மூன்றெழுத்துத் தலைப்பு வைத்தால் பெரும்பாலான கருவிகள் தாமாகவே கண்டுகொள்ளும். இரண்டையும் ஒரே கட்டத்தில் காற்புள்ளி வைத்து எழுதாமல் இரண்டு நெடுவரிசைகளாகப் பிரித்து வையுங்கள். ஒரே மரத்தை மூன்று விதமாக எழுதியிருந்தால் ஒன்றாக்குங்கள். பிறகு நிறம் பிரிக்கும்போது மூன்றும் மூன்று வகையாக வந்து நிற்கும்.

சேமிக்கும்போது ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். வெறும் சிஎஸ்வி என்று சேமித்தால் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிடலாம். அப்படி ஆனபின் மீட்க வழியில்லை, மூலத்தாளுக்குத்தான் திரும்ப வேண்டும். அதனால் மூலத்தாளை அப்படியே ஓரமாக வைத்துவிட்டு ஒரு நகலில் வேலை செய்யுங்கள்.

முதல் பார்வை

ஜியோஜேசன் டாட் ஐஓ என்ற தளத்தைத் திறந்து, உங்கள் கோப்பை இழுத்து வரைபடத்தின் மேல் போடுங்கள். கணக்குத் தொடங்கத் தேவையில்லை. ஒரு பக்கம் வரைபடமும் மறுபக்கம் கோப்பின் எழுத்து வடிவமும் தெரியும். புள்ளியை நகர்த்தினால் எண் மாறுவதை அங்கேயே பார்க்கலாம். ஜியோஜேசன் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல வகுப்பறை எனக்குத் தெரியாது. கோப்பே இல்லாதவர்கள் இங்கேயே சில புள்ளிகளையும் ஒரு பலகோணத்தையும் வரைந்து சேமித்து, அதை வைத்துப் பழகலாம்.

இங்கே எல்லாம் சரியான இடத்தில் நின்றால் அடுத்த பகுதியை விட்டுவிட்டு நேராக வரைபடம் செய்யப் போகலாம்.

ஷேப்ஃபைலும் மீட்டர் எண்களும்: க்யூஜிஐஎஸ்

க்யூஜிஐஎஸ் இலவசமான, கட்டற்ற மென்பொருள். 2002இல் கேரி ஷெர்மன் தொடங்கினார். இன்று உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் வளர்க்கிறார்கள். முதல்முறை திறக்கும்போது பொத்தான்களின் கூட்டம் மிரட்டும். நமக்கு வேண்டியது அதில் மூன்று செயல்கள்தான்.

ஷேப்ஃபைல் என்றால் ஜிப்பைப் பிரித்து, எஸ்எச்பி கோப்பை நடு வெளியில் இழுத்துப் போடுங்கள். இடப்பக்கப் பட்டியலில் அதன் பெயர் வரும். அந்தப் பெயரில் வலது சொடுக்கு செய்து, ‘எக்ஸ்போர்ட்’ வழியே சேமிக்கும் பெட்டியைத் திறந்து, வடிவம் ஜியோஜேசன், ஆய முறை (இடத்தின் எண்களை எழுதும் அளவு முறை) ஈபிஎஸ்ஜி 4326, எழுத்துமுறை யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். அதே பெட்டியில் தசம இலக்கங்களின் எண்ணிக்கையைக் கேட்கும் இடமும் இருக்கும். ஆறு என்று போடுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பட்டியலில் உள்ள லேயரின் (ஏற்றிய தரவு அடுக்கின்) மேல் வலது சொடுக்கு செய்தால் ஆய முறையை ‘அமைக்கும்’ வசதி ஒன்றும் தெரியும். புள்ளிகள் தவறான இடத்தில் இருப்பதைப் பார்த்ததும் புதியவர்கள் அதில் போய் 4326 என்று மாற்றுவார்கள். அது எண்களை மாற்றாது, பெயர்ப்பலகையை மட்டும்தான் மாற்றும். அடி கணக்கில் எழுதிய அளவுக்குப் பக்கத்தில் ‘அடி’ என்பதை அழித்துவிட்டு ‘மீட்டர்’ என்று எழுதுவதைப் போன்றது. எண்கள் உண்மையில் மாற வேண்டுமானால் எக்ஸ்போர்ட்தான் வழி. அமைக்கும் வசதி, பிஆர்ஜே கோப்பு தொலைந்துபோய், மூல முறை எதுவென்று உங்களுக்கு உறுதியாகத் தெரிந்திருக்கும்போது மட்டும் பயன்படுவது.

எடை குறைப்பு

புள்ளிகள் மட்டும் இருந்தால் இதைத் தாண்டிவிடலாம். மாவட்ட எல்லை, ஏரிக்கரை, ஆறு என்று கோடுகளும் பலகோணங்களும் இருந்தால் கோப்பு சில பத்து மெகாபைட்டுக்குப் போய்விடும். கணினியில் ஓடும், கைபேசியில் திணறும். என் கணக்கில் இரண்டு மெகாபைட்டுக்கு மேல் போகும் எதையும் ஒருமுறை குறைத்துப் பார்க்க வேண்டும்.

மேப்ஷேப்பர் என்ற தளம் இதற்கென்றே இருக்கிறது. கோப்பு உங்கள் கணினியை விட்டு வெளியே போகாமல் பிரவுசருக்குள்ளேயே வேலை நடக்கிறது. ‘சிம்ப்ளிஃபை’ என்பதை அழுத்தினால் ஒரு நழுவுபட்டை வரும். அதை இழுக்க இழுக்க எல்லைக்கோட்டின் தேவையற்ற முனைகள் உதிரும். அங்கே தெரியும் முறைகளில் ஒன்றின் பெயரைக் கவனியுங்கள்: விஸ்வலிங்கம். ஹல் பல்கலைக்கழகத்தில் இருந்த மகேஸ் விஸ்வலிங்கமும் டங்கன் வயாட்டும் 1993இல் வெளியிட்ட முறை அது. ஒவ்வொரு முனையும் தன் இருபக்க அண்டை முனைகளோடு சேர்ந்து ஒரு முக்கோணம் ஆகிறது. எந்த முக்கோணத்தின் பரப்பு மிகக் குறைவோ, அந்த முனையை முதலில் எடுத்துவிடுகிறது. கண் எதை இழந்தாலும் கவனிக்காதோ அதை முதலில் விடுவது. உலகமெங்கும் வரைபடம் செய்பவர்கள் நாள்தோறும் சொடுக்கும் பொத்தானில் அந்தப் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நிறைவு.

நழுவுபட்டையை இழுத்தபின் பெரிதாக்கிப் பாருங்கள். சின்னத் தீவுகள் காணாமல் போயிருந்தால், உருவங்கள் மறையாமல் தடுக்கும் பெட்டியில் குறியிட்டு மறுபடி செய்யுங்கள்.

இனி வரைபடம்: யூமேப்

தொடக்கத்துக்கு நான் பரிந்துரைப்பது யூமேப். தன்னார்வலர்கள் வரையும் உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவை அடித்தளமாகக் கொண்ட கட்டற்ற கருவி. கூகுளின் மை மேப்ஸும் எளிதுதான், ஆனால் அதில் ஒரு வரைபடத்துக்குப் பத்து லேயர், ஒரு முறை ஏற்றும் அட்டவணைக்கு 2000 வரி என்று வரம்பு உண்டு. தவிர, யூமேப்பில் நீங்கள் போட்ட தரவை ஜியோஜேசனாகவே திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒரு கணக்குத் தொடங்கி அதன் வழியே யூமேப்பில் நுழையுங்கள். கணக்கில்லாமலும் செய்யலாம், ஆனால் அப்போது தரப்படும் இரகசியத் தொகுப்பு இணைப்பைத் தொலைத்துவிட்டால் உங்கள் வரைபடத்தை நீங்களே திருத்த முடியாது.

1. புதிய வரைபடத்தைத் திறந்து, பெயரும் ஒரு பத்தி விளக்கமும் எழுதுங்கள். தரவு எங்கிருந்து வந்தது, எந்தத் தேதி வரைக்குமானது என்பது அந்தப் பத்தியில் இருக்க வேண்டும்.
2. மேல்நோக்கிய அம்புக்குறி போட்ட, தரவை ஏற்றும் பெட்டியில் கோப்பைக் கொடுத்து, வடிவத்தைச் சொல்லி ஏற்றுங்கள்.
3. லேயரின் அமைப்புக்குப் போய் நிறத்தையும் குறியையும் மாற்றுங்கள். புள்ளிகள் நெருக்கமாக இருந்தால் லேயர் வகையைக் கொத்து என்று வையுங்கள். தூரத்திலிருந்து எண்ணிக்கையாகவும் கிட்டே வந்தால் தனித்தனிப் புள்ளியாகவும் பிரியும்.
4. பாப்அப்பில், அதாவது புள்ளியைத் தொட்டால் விரியும் பெட்டியில், எது தெரிய வேண்டும் என்பதை வார்ப்புருவாக எழுதுங்கள். நெடுவரிசைத் தலைப்பைச் சுருள் அடைப்புக்குள் போட்டால் அந்த இடத்தில் மதிப்பு வந்து உட்காரும். பத்து விவரங்கள் இருந்தாலும் மூன்றை மட்டும் காட்டுங்கள். கைபேசித் திரையில் அதற்குமேல் யாரும் படிப்பதில்லை.
5. வரைபடத்தைச் சரியான இடத்திலும் சரியான ஜூமிலும் நிறுத்தி, அதையே தொடக்கக் காட்சியாகச் சேமியுங்கள். சேமிக்கும் பொத்தானை மறவாதீர்கள்.

நிறத்தைப் பற்றி ஒன்று. சிவப்பையும் பச்சையையும் எதிரெதிராக வைக்காதீர்கள், இரண்டையும் பிரித்தறிய முடியாத கண்கள் நம்மிடையே நிறைய உண்டு. வட்டாரங்களுக்கு நிறம் பூசி ஒப்பிடுவதாக இருந்தால் மொத்த எண்ணிக்கையைப் பூசாமல், ஆயிரம் பேருக்கு எத்தனை அல்லது சதுர கிலோமீட்டருக்கு எத்தனை என்று பூசுங்கள். இல்லையென்றால் மக்கள்தொகை அதிகமுள்ள வட்டாரம் எல்லாவற்றிலும் அடர்நிறமாக நிற்கும்.

வெளியிடும் முன்

வரைபடத்தில் ஏற்றிய எதுவும் உலகத்தின் கையில் கொடுத்ததுதான். பாப்அப்பில் மறைத்த நெடுவரிசை, தரவைப் பதிவிறக்குபவருக்குத் தெரியும். அதனால் தொலைபேசி எண், வீட்டு உரிமையாளர் பெயர் போன்றவற்றை மறைத்தால் போதாது, ஏற்றும் கோப்பிலிருந்தே நீக்க வேண்டும். தனி ஆட்களின் பெயர் இல்லாத தரவும் காட்டிக்கொடுக்கும். ஸ்ட்ராவா செயலி 2017 நவம்பரில் வெளியிட்ட ஓட்டப்பாதை வரைபடத்தில் யார் பெயரும் இல்லை. ஆனால் வெறிச்சோடிய பாலைவனத்தில் பளிச்சென்று தெரிந்த ஓட்டப்பாதைகளை வைத்து இராணுவ முகாம்கள் எங்கே இருக்கின்றன என்று 2018 ஜனவரியில் கண்டுபிடித்துவிட்டார்கள். அரிய பறவையின் கூடு, வேட்டையாடப்படும் விலங்கின் தடம் போன்றவற்றைக் குறிப்பதானால் கோப்பிலேயே தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கமாகச் சுருக்குங்கள். ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் மங்கலாகும்.

அடுத்தது உரிமம். பிறர் தொகுத்த தரவென்றால் பகிர அனுமதி உண்டா என்று பாருங்கள். அடிவரைபடத்தின் மூலையில் இருக்கும் ‘ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள்’ என்ற வரியை எக்காரணம் கொண்டும் மறைக்காதீர்கள். அது உரிமத்தின் நிபந்தனை. அந்தத் தெருக்களைக் கூலி வாங்காமல் வரைந்தவர்களுக்கு நாம் செலுத்தும் ஒரே நன்றியும் அதுதான்.

பகிர்தல்

அனுமதிப் பெட்டியில் இரண்டு கேள்விகள் தனித்தனியாக இருக்கும்: யார் பார்க்கலாம், யார் திருத்தலாம். பார்ப்பது எல்லாருக்கும், திருத்துவது உங்களுக்கும் நீங்கள் பெயர் சொல்லிச் சேர்த்தவர்களுக்கும் மட்டும் என்று வையுங்கள். என் தொடக்க நாட்களில் ஒரு குழுவுக்குத் தொகுப்பு இணைப்பையே அனுப்பிவிட்டேன். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. கைபேசியில் வரைபடத்தை நகர்த்த முயன்றவர்கள் புள்ளிகளை நகர்த்திவிட்டார்கள். கையில் மூலக்கோப்பு இருந்ததால் ஒரு மாலைப்பொழுதோடு போயிற்று. இல்லாதிருந்தால் பல வார அலைச்சலை மறுபடி அலைந்திருக்க வேண்டும். ஆகவே பகிரும் நாளில் முழுத் தரவையும் ஒருமுறை பதிவிறக்கித் தேதியிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பகிரும் பெட்டியில் இணைப்பும், வலைப்பக்கத்தில் பதிக்கும் ஐஃப்ரேம் துண்டும் கிடைக்கும். இணைப்பை அனுப்பும் முன் பிரவுசரின் மறைநிலைச் சாளரத்தில் திறந்து பாருங்கள். உங்கள் கணக்கில் நுழைந்த நிலையில் எல்லாமே உங்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்கு எது தெரிகிறது என்பது மறைநிலையில்தான் புலப்படும். பிறகு விலை குறைந்த ஒரு கைபேசியில், வைஃபை இல்லாமல் திறந்து பாருங்கள். விரலால் தொட முடியாத அளவு சின்னக் குறிகள் அப்போது தெரியவரும்.

சொந்தப் பக்கம் வேண்டும் என்றால்

கொஞ்சம் எச்டிஎம்எல் தெரிந்தவர்களுக்கு லீஃப்லெட் இருக்கிறது. உக்ரைனைச் சேர்ந்த வொலோதிமிர் அகஃபோன்கின் 2011இல் வெளியிட்ட சிறிய ஜாவாஸ்கிரிப்ட் நூலகம். யூமேப்பும் இதன்மேல் கட்டப்பட்டதுதான். ஒரு எச்டிஎம்எல் பக்கம், உங்கள் ஜியோஜேசன் கோப்பு, லீஃப்லெட் இணைப்பு, இருபது வரி நிரல் போதும். இரண்டு எச்சரிக்கைகள்: லீஃப்லெட்டில் கையால் எழுதும் ஆயங்கள் அட்சரேகை முதலில், ஜியோஜேசன் கோப்புக்குள் தீர்க்கரேகை முதலில். பக்கத்தைக் கணினியில் இரட்டைச் சொடுக்கித் திறந்தால் பிரவுசர் பாதுகாப்புக் கருதி தரவுக்கோப்பைப் படிக்க மறுக்கும். பைத்தானின் எச்டிடிபி சர்வர் போன்ற ஒன்றை அந்த ஃபோல்டரில் ஓடவிட்டுத்தான் சோதிக்க வேண்டும்.

வெளியிட கிட்ஹப் பேஜஸ் போதும், இலவசம். கோப்புகளை ஒரு பொதுக் களஞ்சியத்தில் ஏற்றி, அமைப்பில் பேஜஸ் வசதியை இயக்கினால் சில நிமிடங்களில் முகவரி கிடைக்கும்.

பிழை சுட்டிக்காட்டப்படும்போது

வரைபடம் வெளியான முதல் வாரத்திலேயே யாராவது எழுதுவார்கள்: அந்த மரத்தை வெட்டிவிட்டார்கள், இந்தப் புள்ளி சாலைக்கு மறுபக்கம் இருக்க வேண்டும். அப்போது வரைபடத்தில் நேரடியாகத் திருத்தாமல் மூலத்தாளில் திருத்துங்கள். அங்கிருந்து சிஎஸ்வியையும் ஜியோஜேசனையும் புதிதாக எடுத்து, பழைய லேயரின் உள்ளடக்கத்தை மாற்றும் தேர்வைக் குறியிட்டு ஏற்றுங்கள். புதிய வரைபடம் தொடங்கிவிடாதீர்கள். பழைய இணைப்பு எத்தனையோ உரையாடல்களிலும் அச்சிட்ட க்யூஆர் குறியீடுகளிலும் போய்ச் சேர்ந்திருக்கும், அது அப்படியே வேலை செய்ய வேண்டும். விளக்கப் பத்தியில் இருக்கும் தேதியை மாற்றிச் சேமித்துவிட்டு, பிழை சொன்னவருக்கு அதே இணைப்பை அனுப்பித் திருத்தம் சரியா என்று கேளுங்கள்.